சுனாவோ தவாராவின் இதயக் கடத்தல் அமைப்பு ஆய்வும் அதன் அறிவுலகத் தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

சப்பானிய நோயியல் அறிஞர் சுனாவோ தவாரா (1873–1952) செருமனியின் மார்பர்க் நகரில் மேற்கொண்ட ஆய்வு 1906ஆம் ஆண்டில் தனிநூலாக வெளிவந்தது. பாலூட்டிகளின் இதயத்தில் துடிப்புத் தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் பாதையை முழுமையாக வரைந்து காட்டிய முதல் நூல் இது. அந்நூல் உருவான சூழல், அதன் கண்டுபிடிப்புகள், அவை இதயவியலில் விளைவித்த மாற்றங்கள், அவற்றுக்குரிய அறிவுரிமை பகிரப்பட்ட விதம் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. தனித்தனியே அறியப்பட்டிருந்த உறுப்புகளை ஒரே அமைப்பின் பகுதிகளாக இணைத்துக் காட்டியதே தவாராவின் தலையாய பங்களிப்பு என்பதும், அப்பங்களிப்பு எதிர்மறை முடிவு ஒன்றிலிருந்து தோன்றியது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சுனாவோ தவாரா, லுட்விக் ஆஷாஃப், இதயக் கடத்தல் அமைப்பு, மேலறை – கீழறைக் கணு, ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள், அறிவியல் வரலாறு.

முன்னுரை

இதய மின்வரைபடத்தைப் படிக்கும் மருத்துவர் அதிலுள்ள அலைகளையும் இடைவெளிகளையும் இதயத்தின் குறிப்பிட்ட பகுதிகளோடு பொருத்திப் பொருள் கொள்கிறார். ‘பி’ அலை மேலறைகளின் கிளர்ச்சியைக் குறிக்கிறது, அடுத்து வரும் சிறு இடைவெளியில் தூண்டல் கணுவிலும் கற்றையிலும் செல்கிறது, ‘கியூ.ஆர்.எஸ்.’ தொகுதி கீழறைகளின் கிளர்ச்சியைக் குறிக்கிறது. இன்று மருத்துவக் கல்வியின் அடிப்படைப் பாடமாக விளங்கும் இப்பொருத்தம் கருவியால் மட்டும் கிடைத்ததன்று. மின்னலை செல்லும் பாதை எது என்பதை உடற்கூற்றியல் முன்னரே வரையறுத்திருந்தால்தான் அலைகளுக்குப் பொருள் கூற இயலும். அவ்வரையறையை வழங்கியவர் சுனாவோ தவாரா.

ஆயினும் இதயவியல் வரலாற்றை எடுத்துரைக்கும் பொதுநூல்களில் ஐந்தோவன், ஹிஸ், பர்கின்ஜி ஆகியோரின் பெயர்கள் பெறும் இடத்தைத் தவாராவின் பெயர் பெறுவதில்லை. ஓர் ஆய்வின் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையாலும் பெயர் வழக்காலும் அளப்பது போதுமா, அவ்வாய்வுக்குப் பின் ஒரு துறை எழுப்பும் வினாக்கள் எவ்வாறு மாறின என்பதையும் கருத வேண்டுமா என்னும் சிக்கலுக்குத் தவாராவின் ஆய்வு தக்க சான்றாகிறது.

1. 1906க்கு முந்தைய அறிவுநிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இதயத் துடிப்பின் தோற்றம் குறித்து இரு கொள்கைகள் மோதின. துடிப்பு நரம்பணுக்களிலிருந்து பிறக்கிறது என்றது ஒன்று. இதயத் தசையே துடிப்பைப் பிறப்பித்துக் கடத்துகிறது என்றது மற்றொன்று. 1852இல் ஸ்டானியஸ் தவளை இதயத்தின் குறிப்பிட்ட இடங்களில் கட்டுப்போட்டு, கட்டுக்குக் கீழுள்ள பகுதியின் துடிப்பு மாறுவதைக் காட்டினார். 1880களில் கேஸ்கெல் ஆமை இதயத்தைக் கொண்டு தசைவழிக் கடத்தலுக்கு வலுவான சான்றுகள் அளித்தார். எனினும் பாலூட்டிகளில் இக்கொள்கைக்குப் பெருந்தடை ஒன்று இருந்தது. அவற்றின் மேலறைத் தசையும் கீழறைத் தசையும் நார்த்திசு வளையத்தால் முற்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன என்றே கருதப்பட்டது. இரண்டையும் இணைக்கும் தசையே இல்லையெனில் தசைவழிக் கடத்தல் எவ்வாறு நிகழும்?

1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் இவ்வளையத்தை ஊடுருவிச் செல்லும் மெல்லிய தசைக்கற்றை ஒன்றை விவரித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டான்லி கென்ட் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தசைத் தொடர்புகள் பல உள்ளன என்று எழுதினார். இவ்விரு கூற்றுகளும் உடனடியாக ஏற்கப்படவில்லை. 1904இல் ரெட்ஸர், பிரோய்னிக், ஹும்ப்லே ஆகியோர் ஹிஸ் கற்றை இருப்பதைத் தனித்தனியே உறுதிசெய்தனர். ஆயினும் அக்கற்றை எங்கே தொடங்குகிறது, கீழறையில் நுழைந்தபின் எங்கே முடிகிறது என்பவை தெளிவாகவில்லை. கீழறை இடைச்சுவரின் மேற்பகுதியிலேயே அது தசையோடு கலந்துவிடுகிறது என்பது பொதுக்கருத்தாக இருந்தது.

இதற்கு நெடுங்காலம் முன்பே, 1839இல், செக் அறிஞர் பர்கின்ஜி செம்மறியாட்டின் இதய உட்படலத்தின் அடியில் சாம்பல்நிறக் கூழ்ம இழைகளைக் கண்டிருந்தார். அவற்றின் பணி அறியப்படாமலேயே அறுபதாண்டுகளுக்கு மேல் கழிந்தது. ஹிஸ் கண்ட கற்றைக்கும் பர்கின்ஜி கண்ட இழைகளுக்கும் தொடர்பு உண்டு என்பதை எவரும் நிறுவவில்லை.

2. எதிர்மறை முடிவிலிருந்து புதிய வினா

தவாரா 1901இல் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1903இல் தம் சொந்தச் செலவில் செருமனி சென்று, மார்பர்க் பல்கலைக்கழக நோயியல் நிறுவனத்தில் லுட்விக் ஆஷாஃபின்கீழ் ஆய்வைத் தொடங்கினார். அவருக்கு முதலில் அளிக்கப்பட்ட பணி கடத்தல் பாதையைத் தேடுவதன்று. இதயச் செயலிழப்பின் காரணத்தைத் திசுவியல் வழியாக ஆராய்வதே அப்பணியாகும்.

லைப்சிக் மருத்துவக் குழுவைச் சேர்ந்த கிரேல், ரோம்பெர்க் ஆகியோர், இதயச் செயலிழப்புக்கு இதயத்தசை அழற்சியே முதன்மைக் காரணம் என்று வாதிட்டிருந்தனர். இக்கருத்தைச் சோதிக்கும் பொருட்டுத் தவாரா நூற்றுக்கும் மேற்பட்ட மனித இதயங்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். செயலிழப்பை விளக்கப் போதுமான அழற்சி மாற்றங்கள் அவற்றுள் பெரும்பாலானவற்றில் காணப்படவில்லை. வாதக்காய்ச்சலால் தாக்குண்ட இதயங்களில் மட்டும் தனித்தன்மை வாய்ந்த நுண்கணுக்கள் காணப்பட்டன. இவற்றை ஆஷாஃப் 1904இல் விவரித்தார். ‘ஆஷாஃப் கணுக்கள்’ என்னும் பெயரில் அவை இன்றும் வழங்குகின்றன.

எனவே தொடக்க வினாவுக்குக் கிடைத்த விடை எதிர்மறையானது. தசையின் பெரும்பரப்பில் காரணம் இல்லையெனில், சிறியதும் இன்றியமையாததுமான ஏதேனும் ஒரு பகுதியில் அது மறைந்திருக்கலாம் என்னும் எண்ணம் இவ்விடையிலிருந்து பிறந்தது. அத்தகைய பகுதியாக ஹிஸ் கற்றை கருதப்பட்டது. ஆனால் நோயுற்ற கற்றையை மதிப்பிட வேண்டுமாயின் இயல்பான கற்றையின் வடிவம் முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியவில்லை என்பதை உணர்ந்த நிலையில்தான் தவாராவின் ஆய்வு நோயியலிலிருந்து உடற்கூற்றியலுக்குத் திரும்பியது.

இங்கு ஒரு வரலாற்று முரண் கருதத்தக்கது. ஹிஸ், கிரேல், ரோம்பெர்க் ஆகிய மூவரும் லைப்சிக்கில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். அக்குழுவின் ஒரு கருத்தை மறுத்த அதே ஆய்வாளரே அக்குழுவைச் சேர்ந்த ஹிஸ்ஸின் கண்டுபிடிப்பை நிறைவு செய்தார். இதயச் செயலிழப்பு குறித்த எதிர்மறை முடிவுகள் ஆஷாஃப், தவாரா இருவர் பெயரிலும் 1906இல் தனிநூலாக வெளிவந்தன. அதே ஆண்டில், அதே யேனா நகரப் பதிப்பகமான குஸ்டாவ் ஃபிஷரிடமிருந்து, தவாராவின் பெயரில் மட்டும் ‘பாலூட்டி இதயத்தின் தூண்டல் கடத்தல் அமைப்பு’ என்னும் பொருள்படும் தலைப்புடன் செருமன் மொழி நூல் வெளிவந்தது.

3. நூலின் முறையியலும் கண்டுபிடிப்புகளும்

தவாராவின் முறையியல் எளிமையானது. ஆனால் பெரும்பொறுமையை வேண்டுவது. இதயத்தின் உரிய பகுதியை அடுத்தடுத்த நுண்சீவல்களாக வெட்டி, ஒரு சீவலில் காணப்படும் இழையை அடுத்த சீவலில் தேடி, இடையறாது தொடர்ந்து செல்வதே அது. மனிதன், செம்மறியாடு, கன்று, நாய், பூனை முதலிய பல பாலூட்டிகளில் இம்முறை பின்பற்றப்பட்டது. சில விலங்குகளில் சிறப்பிழைகள் பொதுத்தசையிலிருந்து எளிதில் வேறுபடுகின்றன. வேறு சிலவற்றில் வேறுபாடு மங்கலாக உள்ளது. ஆட்டிலும் கன்றிலும் தெளிவாகக் கண்டதை வழிகாட்டியாகக் கொண்டு, மனித இதயத்தில் மங்கலாக உள்ளதை இனங்காண ஒப்பீட்டுமுறை உதவியது.

நூலின் முதன்மைக் கண்டுபிடிப்புகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, ஹிஸ் கற்றையின் தொடக்கத்தில், மேலறை இடைச்சுவரின் அடிப்பகுதியில், பின்னிப் பிணைந்த நுண்தசையிழைகளாலான சிறு முடிச்சு ஒன்று உள்ளது. இதுவே இன்று மேலறை – கீழறைக் கணு எனப்படுகிறது.

இரண்டாவதாக, கற்றை கீழறை இடைச்சுவரின் மேற்பகுதியில் முடிவடைவதில்லை. அது வலம், இடம் என இரு கிளைகளாகப் பிரிந்து, சுற்றியுள்ள தசையோடு கலவாமல், இணைப்புத்திசு உறையால் காக்கப்பட்டு, இதய உட்படலத்தின் அடியில் நெடுந்தொலைவு செல்கிறது.

மூன்றாவதாக, இக்கிளைகளின் இறுதிப் பிரிவுகளே பர்கின்ஜி இழைகள். பாப்பில்லரித் தசைகளையும் கீழறைச் சுவரையும் அடைந்தபின்னரே அவை பொதுத்தசையோடு இணைகின்றன.

நான்காவதாக, இவ்வமைப்பு ஆராயப்பட்ட பாலூட்டிகள் அனைத்திலும் ஒரே அடிப்படைத் திட்டத்தில் அமைந்துள்ளது.

இம்முழு அமைப்பையும் தவாரா ஒரு மரத்தோடு ஒப்பிட்டார். கணு வேராகவும், கற்றை அடிமரமாகவும், கிளைகளும் இழைகளும் முறையே கொம்புகளாகவும் நுனிகளாகவும் அமைகின்றன. இவ்வடிவத்திலிருந்து அவர் பணியையும் உய்த்துணர்ந்தார். பொதுத்தசையிலிருந்து பிரிக்கப்பட்ட நெடும்பாதை ஒன்று கீழறையின் தொலைப்பகுதிகள் வரை செல்கிறதெனில், தூண்டலை விரைந்து பரப்பிக் கீழறையின் பல பகுதிகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்கச் செய்வதே அதன் பணியாகலாம். நுண்மின்முனைகள் இல்லாத காலத்தில் வடிவத்தைக் கொண்டு மட்டும் கூறப்பட்ட இக்கருதுகோள் பின்னர் அளவீடுகளால் உறுதிப்பட்டது. கணுவில் தூண்டலின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 0.05 மீட்டர், பர்கின்ஜி இழைகளில் அது 2 முதல் 4 மீட்டர்.

தசைவழிக் கொள்கைக்கு இந்நூல் வலுச்சேர்த்தபோதும், கற்றையோடு நரம்பிழைகளும் சில விலங்குகளில் உடன்செல்வதைத் தவாரா மறைக்கவில்லை. தம் முடிவுக்கு இடையூறாகத் தோன்றக்கூடிய சான்றையும் பதிவுசெய்த இந்நேர்மை, நூலின் நம்பகத்தன்மையை உயர்த்தியது.

4. உடனடித் தாக்கம்

இங்கிலாந்தில் இதயநோய் மருத்துவர் ஜேம்ஸ் மெக்கன்ஸி, துடிப்பு ஒழுங்கற்ற நோயாளிகளின் இதயங்களை உடற்கூற்றியல் அறிஞர் ஆர்தர் கீத்திடம் ஆய்வுக்கு அளித்துவந்தார். ஹிஸ் கற்றையைக் காண்பதில் தொடக்கத்தில் இடர்ப்பட்ட கீத், தவாராவின் விவரிப்பைப் பின்பற்றியபின் அதைத் தெளிவாகக் கண்டார். கீத்தும் அவர்தம் இளம் உதவியாளர் மார்ட்டின் ஃபிளாக்கும் 1906 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் தவாராவின் முடிவுகளை உறுதிப்படுத்தினர். கணு ஒன்று இங்கு உண்டெனில், துடிப்பு தொடங்கும் இடத்திலும் அதை ஒத்த திசு இருக்கலாம் அன்றோ? பெருஞ்சிரை மேலறையோடு சேரும் இடத்தில் அத்தகைய திசுவை ஃபிளாக் அகழெலியின் இதயத்தில் கண்டார். 1907இல் வெளியிடப்பட்ட அக்கண்டுபிடிப்பே இன்று சைனஸ் கணு எனப்படும் இயற்கை முடுக்கி. தவாரா கண்ட கணு இரண்டாம் கணுவைத் தேடுவதற்கான மாதிரியாயிற்று.

1910இல் ஹெரிங், தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும்போது ஏற்படும் தாமதம் தவாரா கணுவிலேயே நிகழ்கிறது என்பதைச் சோதனைவழி மெய்ப்பித்தார். அதே காலத்தில் எப்பிங்கர், ரோத்பெர்கர் ஆகியோர் நாய்களில் தவாரா வரைந்த கிளைகளைத் தனித்தனியே அறுத்து, மின்வரைபடம் எவ்வாறு மாறுகிறது என்று பதிவுசெய்தனர். ஐந்தோவன் இழைக் கல்வனோமானியால் 1902 முதல் இதய மின்னலைகளைப் பதிவுசெய்து வந்தபோதும், அவ்வலைகளுக்கு உடற்கூற்று விளக்கம் அளிக்கத் தவாராவின் வரைபடமே வழிவகுத்தது. கருவி வளர்ச்சியும் உடற்கூற்று அறிவும் சந்தித்த இப்புள்ளியிலிருந்துதான் மருத்துவமனை மின்வரைபடவியல் தொடங்குகிறது.

5. பிழையான வாசிப்பும் திருத்தமும்

சரியான வரைபடம் இருந்தாலும் அதை வாசிப்பதில் பிழை நேரலாம் என்பதற்குக் கிளைத்தடை வரலாறு சான்றாகிறது. நாய்களில் வலக்கிளையை அறுத்தபோது கிடைத்த அலைவடிவத்தை மனிதரின் அலைவடிவத்தோடு நேராக ஒப்பிட்டதால், வலக்கிளைத் தடை இடக்கிளைத் தடையாகவும், இடக்கிளைத் தடை வலக்கிளைத் தடையாகவும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தவறாகப் பெயரிடப்பட்டன. நெஞ்சறையில் நாயின் இதயம் அமைந்துள்ள நிலை மனித இதயத்தின் நிலையிலிருந்து வேறுபட்டது என்பது கருத்தில் கொள்ளப்படவில்லை. 1930இல் பார்க்கரும் அவர்தம் குழுவினரும் அறுவையின்போது வெளிப்பட்ட மனித இதயத்தில் செய்த சோதனையும், தொடர்ந்து வில்சன் குழுவினர் நெஞ்சுமுனைகளைக் கொண்டு செய்த ஆய்வும் இப்பிழையைத் திருத்தின. விலங்கினங்களை ஒப்பிடும்போது ஒற்றுமையோடு வேற்றுமையையும் கருத வேண்டும் என்னும் முறையியல் பாடம் இதில் அடங்கியுள்ளது. ஒப்பீட்டுமுறையைத் தவாரா திசுவின் அமைப்புக்குப் பயன்படுத்தினார். பின்வந்தோர் அதை மின்னலைகளின் திசைக்கு ஆராயாமல் நீட்டித்தனர்.

6. பிற்கால விவாதங்களில் தவாரா

தவாராவின் நூலுக்குப் பின், மேலறைகளிலும் தனிக்கடத்தல் பாதைகள் உள்ளன என்னும் கூற்று எழுந்தது. இது குறித்து 1910இல் செருமன் நோயியல் கழகக் கூட்டத்தில் விவாதம் நடைபெற்றது. ஒரு தசைத்தொகுதியைக் கடத்தல் பாதை என ஏற்க மூன்று அளவுகோல்களை ஆஷாஃபும் மோன்கெபெர்க்கும் அங்கு முன்வைத்தனர். அதன் அணுக்கள் திசுவியல்படி வேறுபட்டிருக்க வேண்டும். சீவலுக்குச் சீவல் அவற்றைத் தொடர இயல வேண்டும். நார்த்திசு உறை அவற்றைப் பொதுத்தசையிலிருந்து பிரிக்க வேண்டும். இவை மூன்றும் தவாரா கடைப்பிடித்த முறையின் சுருக்கமே. 1963இல் தாமஸ் ஜேம்ஸ் இரு கணுக்களை இணைக்கும் மேலறைப் பாதைகளை விவரித்தபோது, ராபர்ட் ஆண்டர்சன் முதலியோர் இவ்வளவுகோல்களைச் சுட்டியே அவற்றை மறுத்தனர். அரை நூற்றாண்டு கடந்தும் ஒரு விவாதத்தின் எல்லையைத் தவாராவின் முறை வரையறுத்தது.

இடக்கிளையின் பிரிவுகள் குறித்த விவாதமும் இத்தகையதே. 1960களின் இறுதியில் ரோசன்பாம் குழுவினர் இடக்கிளையை இரு பிரிவுகளாகக் கொண்டு அரைத்தடைக் கருத்தை உருவாக்கினர். 1970இல் தூரர் குழுவினர், மனித இதயத்தின் இடக்கீழறையில் மூன்று இடங்கள் முதலில் கிளர்ச்சியுறுவதைக் காட்டினர். இடக்கிளை விசிறிபோல் விரிந்து, பிரிவுகள் ஒன்றோடொன்று பின்னிச்செல்வதாகத் தவாரா வரைந்த படங்கள் இவ்விவாதத்தில் மீண்டும் பொருளுடையவை ஆயின.

மருத்துவப் பயன்பாட்டிலும் இவ்வரைபடம் தொடர்கிறது. 1969இல் ஷெர்லாக் குழுவினர் வடிகுழாய் வழியாக ஹிஸ் கற்றையின் மின்னலையைப் பதிவுசெய்யும் முறையை விவரித்தனர். வலக்கீழறையின் முனையில் மின்முனை பொருத்தும் செயற்கை முடுக்கி (பேஸ்மேக்கர்) இயற்கைப் பாதையைத் தவிர்த்துவிடுவதால் கீழறைகளின் ஒத்திசைவு குலையக்கூடும். ஆகவே 2000ஆம் ஆண்டு முதல் ஹிஸ் கற்றையிலும், 2017 முதல் இடக்கிளைப் பகுதியிலும் மின்முனையைப் பொருத்தும் முறைகள் வளர்ந்துள்ளன. தூண்டலைத் தவாரா வரைந்த பாதையிலேயே செலுத்துவது இம்முறைகளின் நோக்கம்.

7. பெயர் வழக்கும் அறிவுரிமையும்

1906இல் நாடு திரும்பிய தவாரா ஃபுக்குவோக்கா மருத்துவக் கல்லூரியில் இணைந்து, 1908இல் நோயியல் பேராசிரியரானார். அக்கல்லூரி 1911இல் கியூஷூ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. 1914இல் சப்பானியக் கல்விக்கழகத்தின் பேரரசுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1933இல் ஓய்வுபெற்று, 1952இல் மறைந்தார்.

செருமன் மருத்துவ வழக்கில் கற்றையின் இரு கிளைகள் இன்றும் ‘தவாரா கிளைகள்’ எனப்படுகின்றன. கணுவும் ஆஷாஃப் – தவாரா கணு என வழங்கப்பட்டது. ஆங்கில வழக்கிலோ அது அமைவிடத்தால் மட்டும் பெயர்பெற்றது; ஹிஸ், பர்கின்ஜி ஆகியோரின் பெயர்கள் நிலைத்தன. இவ்வேறுபாட்டுக்கு மொழியும் ஒரு காரணமாகலாம். செருமன் மொழியில் வெளிவந்த நூலின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, சூமா, ஷிமாதா ஆகியோரால் 2000ஆம் ஆண்டில்தான், அதாவது 94 ஆண்டுகளுக்குப் பின், லண்டனில் வெளியிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலமே மருத்துவத்தின் முதன்மை மொழியானபோது, மூலநூலைப் படிக்காமலேயே அதன் முடிவுகளைப் பயன்படுத்தும் நிலை ஏற்பட்டது. ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவாகிவிடும்போது கண்டவரின் பெயர் கரைந்துபோவதும் இயல்பு.

பெயர் வழக்கின் உள்ளியல்பும் கருதத்தக்கது. தனியுறுப்பு ஒன்றைக் கண்டவர் பெயர் அவ்வுறுப்பில் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பல உறுப்புகளுக்கிடையிலான தொடர்பைக் கண்டவர் பெயரைத் தாங்க ஓர் இடம் வாய்ப்பதில்லை. இதயக் கடத்தல் அமைப்பின் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெயரைத் தாங்க, அவற்றை ஓர் அமைப்பாகக் கண்டவரின் பெயர் பின்தங்கியமைக்கு இதுவும் விளக்கமாகும்.

இந்நிலையில் ஆஷாஃபின் நடத்தை குறிப்பிடத்தக்கது. வினாவை எழுப்பியவரும், நிறுவனத்தின் தலைவரும் அவரே. எனினும் கடத்தல் அமைப்பு பற்றிய நூலைத் தவாராவின் பெயரில் மட்டுமே வெளிவரச் செய்து, தாம் முன்னுரை எழுதுவதோடு அமைந்தார். இருவரும் இணைந்து முடிவுகண்ட நூலுக்கு இருவர் பெயர். ஒருவர் கண்டதற்கு ஒருவர் பெயர் என்னும் இப்பகுப்பு, நெறியாளர் – ஆய்வாளர் உறவில் அறிவுரிமை குறித்து இன்றும் நிகழும் விவாதங்களுக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது.

முடிவுரை

தவாராவின் ஆய்வு இதயச் செயலிழப்பின் காரணத்தைத் தேடத் தொடங்கியது, அக்காரணம் கிடைக்கவில்லை. கிடைக்காத விடையை மறைக்காமல் வெளியிட்டு, அது எழுப்பிய அடுத்த வினாவைப் பின்தொடர்ந்ததால் இதயக் கடத்தல் அமைப்பு அறியப்பட்டது. ஹிஸ், பர்கின்ஜி ஆகியோரின் கண்டுபிடிப்புகள் தவாராவுக்குப் பின்னரே தம் முழுப்பொருளைப் பெற்றன. சைனஸ் கணுவின் கண்டுபிடிப்பு, மின்வரைபடத்தின் விளக்கம், கிளைத்தடை ஆய்வு, கடத்தல் பாதைக்கான அளவுகோல்கள், இன்றைய முடுக்கி மருத்துவம் ஆகிய அனைத்தும் 1906ஆம் ஆண்டு நூலைத் தம் தொடக்கமாகவோ ஒப்பீட்டு அடிப்படையாகவோ கொண்டுள்ளன. எனவே, பெயர் வழக்கை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர்க்குத் தவாராவின் இடம் சிறிதாகத் தோன்றும். ஒரு துறை தன் வினாக்களை எந்த வரைபடத்தின்மீது எழுப்புகிறது என்று நோக்குவோர்க்கு, இதயவியலின் அடித்தளத்தில் அவ்விடம் உறுதியாகப் புலப்படும்.